கீழ்ப் படுக்கையா, மேல் படுக்கையா?

டில்லிக்குப் பிரயாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் வாங்குமுன் என்னவெல்லாம் விசாரிக்கிறோம்! வண்டி எத்தனை மணிக்குப் புறப்படும்? எப்போது போய்ச் சேரும்? கட்டணம் எவ்வளவு? வழியில் நல்ல சாப்பாடு கிடைக்குமா? புளியோதரை கட்டிக்கொண்டு போனால் எத்தனை வேளை தாங்கும்? இவ்வளவும் கேட்கிற நாம், ஒரே ஒரு கேள்வியை மட்டும் மறந்துவிடுகிறோம். "எந்தப் படுக்கை?" என்ற கேள்விதான் அது.

"படுக்கை என்றால் படுக்கைதானே, இதில் என்ன வித்தியாசம்?" என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்புக்கு என் அம்மா கொடுத்த விலை எனக்குத்தான் தெரியும்.

அம்மா தண்ணீர் குடிக்காத கதை

சில வருஷங்களுக்கு முன் ஒரு மே மாதம். டில்லியில் தங்கைக்குப் பிரசவம். அம்மாவை அழைத்துக்கொண்டு வடக்கே போகும் ஒரு வண்டியில் ஏறினேன். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. இரண்டு முழங்கால்களிலும் வலி. நான் அவசர அவசரமாக இரண்டு பேருக்கும் ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தேன். ஸ்லீப்பர் வகுப்பு. எனக்கு மேல் படுக்கை. அம்மாவுக்கு நடுப் படுக்கை. "இடம் கிடைத்ததே பெரிசு" என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

எதிரும் புதிருமாக இருந்த இரண்டு கீழ்ப் படுக்கைகளில் ஒன்றில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர். மற்றொன்றில் கைக்குழந்தையோடு ஒரு பெண். யாரைப் பார்த்து, "கொஞ்சம் மாற்றிக்கொள்கிறீர்களா?" என்று கேட்பது? அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து, ஒரு காலை இங்கே வைத்து, மறு காலை அங்கே வைத்து, எப்படியோ ஏற்றிவிட்டேன். அவள் ஒரு வார்த்தை முனகவில்லை.

மறுநாள் பகல், வண்டி பல்லார்ஷாவைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே அனல் வீசிற்று. கீழே உட்கார்ந்திருந்த அம்மா, "கண்ணை இருட்டிண்டு வரதுடா" என்று சொல்லிக்கொண்டே சாய்ந்துவிட்டாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. எதிரே இருந்த பெரியவர்தான் பதறாமல் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, "அம்மா, கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தீர்கள்?" என்று கேட்டார்.

அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மெல்ல, "நேத்துச் சாயங்காலத்திலேருந்து குடிக்கலை. காலையிலே ஒரு வாய் காப்பி குடிச்சேன், அவ்வளவுதான். குடிச்சா ராத்திரி எழுந்திருக்கணும். இந்தக் காலை வெச்சிண்டு எத்தனை தடவை இறங்கி ஏறறது? இவன் தூக்கத்தையும் கெடுக்கணுமே" என்றாள்.

அன்று எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை இன்றும் மறக்கவில்லை. வண்டியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தவறு முழுவதும் என்னுடையது. நாலு விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொண்டிருந்தால், அம்மா அந்தப் பாடு பட்டிருக்க வேண்டியதில்லை. அவற்றைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

இரண்டு இரவு, ஒரு பகல்

சென்னையிலிருந்து புதுடில்லி சுமார் 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இந்தத் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 33 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. இரவு 10 மணி சுமாருக்குப் புறப்பட்டால், மறுநாள் முழுதும் ஓடி, அதற்கடுத்த நாள் காலையில்தான் டில்லி. அதாவது இரண்டு இரவு, நடுவில் ஒரு முழுப் பகல்.

இந்தக் கணக்கை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிறவருக்குப் படுக்கை என்பது ஓர் இரவு உறக்கம் மட்டுமே. மேலே கிடைத்தாலும் கீழே கிடைத்தாலும், கண்ணை மூடித் திறந்தால் ஊர் வந்துவிடும். டில்லிக்கோ கல்கத்தாவுக்கோ போகிறவருக்கு அப்படியல்ல. அந்தப் பலகைதான் அவருக்குக் கட்டில், அதுதான் நாற்காலி, அதுதான் சாப்பாட்டு மேஜை. இரவுக்குச் சுகமான இடம் பகலுக்குச் சுகமாக இராது. பகலுக்கு ஏற்ற இடம் இரவில் இம்சை தரலாம்.

பலகையிலிருந்து மெத்தைக்கு

சென்னையையும் டில்லியையும் இணைக்கும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் 1929-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது. அந்தக் காலத்து மூன்றாம் வகுப்புப் பிரயாணிக்குக் கிடைத்தது வெறும் மரப் பலகைதான். உட்கார இடம் கிடைத்தாலே அவன் புண்ணியம் செய்தவன். மூன்றாம் வகுப்பு என்ற பெயரே 1974-இல் ஒழிந்தது. ஆனால் பெயர் போயிற்றே தவிர, பலகை போகவில்லை. 1977 முதல் 1979 வரை ரயில்வே மந்திரியாக இருந்த மது தண்டவதேதான், இரண்டாம் வகுப்புப் படுக்கைக்கும் மெத்தை வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். இரண்டு அங்குல மெத்தைதான். ஆனால் அந்த இரண்டு அங்குலம் எத்தனை கோடி முதுகுகளை வாழ வைத்தது!

1993-இல் மூன்றடுக்கு ஏ.ஸி. வகுப்பு வந்தது. நடுத்தரக் குடும்பத்தார் குளிர்சாதன வண்டியில் ஏறத் துணிந்தது அதற்குப் பிறகுதான். நம் பெரம்பூரில் 1955-இல் திறக்கப்பட்ட தொழிற்சாலை இந்த வண்டிகளை ஆயிரக்கணக்கில் செய்து நாடெங்கும் அனுப்பியது. பழைய அமைப்பு ஸ்லீப்பர் பெட்டியில் 72 படுக்கைகள். ஜெர்மானிய அமைப்பில் வந்த புதிய பெட்டி சற்று நீளமானது. அதில் 80 படுக்கைகள்.

நம்பரைப் பார்த்தால் இடம் தெரியும்

டிக்கெட்டில் வெறும் நம்பர் மட்டும் கண்ணில் பட்டால், அது மேலா கீழா என்று தவிக்க வேண்டாம். மூன்றடுக்குப் பெட்டியில் எட்டு எட்டுப் படுக்கைகளாக ஒரு தடுப்பு. நம்பரை எட்டால் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 1 அல்லது 4 என்றால் கீழே. 2 அல்லது 5 என்றால் நடு. 3 அல்லது 6 என்றால் மேலே. 7 என்றால் பக்கவாட்டில் கீழே. மீதியே இல்லையென்றால் பக்கவாட்டில் மேலே. உதாரணமாக, 43 என்பது மேல் படுக்கை; 37 நடுப் படுக்கை; 40 பக்கவாட்டு மேல் படுக்கை.

இரண்டடுக்கு ஏ.ஸி. பெட்டியில் எட்டுக்குப் பதில் ஆறு. மீதி 1, 3 என்றால் கீழே. 2, 4 என்றால் மேலே. 5 பக்கவாட்டுக் கீழ். மீதி இல்லாதது பக்கவாட்டு மேல். வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் இந்தக் கணக்கைக் கொடுங்கள். நொடியில் சொல்லிவிடுவார்கள்!

பெட்டியின் நடுப்பகுதியா, ஓரமா என்பதையும் நம்பரே காட்டிவிடும். பெட்டியின் இரு கோடிகளிலும்தான் கழிப்பறையும் கதவும் இருக்கின்றன. சக்கரங்களும் அந்தக் கோடிகளை ஒட்டித்தான் அமைந்திருக்கின்றன. ஆகையால் ஆட்டமும் அங்கே அதிகம். கதவு அடித்துக்கொள்ளும் சத்தமும் அதிகம். இரவெல்லாம் போவோர் வருவோர் நடமாட்டமும் அதிகம். தூக்கம் மெல்லியதாக உள்ளவர்களுக்கு 33-லிருந்து 48-க்குள் ஒரு நம்பர் கிடைத்தால் யோகந்தான். ஆனால் அடிக்கடி எழுந்து போகவேண்டிய வயோதிகர்களுக்கு, கோடிக்கு ஒரு தடுப்பு தள்ளிக் கிடைப்பதே நல்லது. ஓடும் வண்டியில் நீளமாக நடப்பது அவர்களுக்கு அபாயம்.

ஐந்து படுக்கை, ஐந்து குணம்

கீழ்ப் படுக்கை: ஏற வேண்டாம், இறங்க வேண்டாம். ஜன்னல் கையருகே. பெட்டி கண்ணெதிரே. எல்லாரும் கேட்பது இதைத்தான். ஆனால் பகலில் இது சத்திரத்துத் திண்ணை மாதிரி! நடுப் படுக்கைக்காரரும் மேல் படுக்கைக்காரரும் உட்கார வேறு இடம் இல்லை. "இது என் இடம்" என்று நீட்டிப் படுத்துக்கொள்ள முடியாது. பகலிலும் தூங்கப் பிரியப்படும் திடகாத்திரமான வாலிபர் இதைக் கேட்டு வாங்குவதில் அர்த்தமே இல்லை.

நடுப் படுக்கை: இதைப் போன்ற பரிதாபமான இடம் வேறு கிடையாது. பகலில் மடித்து முதுகுச் சாய்வாகத் தொங்கவிட்டுவிடுவார்கள். இரவில் சங்கிலியில் மாட்டிப் படுத்தால் நிமிர்ந்து உட்கார முடியாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் இதை விரித்துப் படுக்கலாம் என்பது ரயில்வேயின் விதி. சீக்கிரம் படுத்து, சீக்கிரம் எழுந்து, இரவில் ஒரு தடவைகூட எழுந்திராத பாக்கியசாலிகளுக்கு மட்டும் இது சரிப்படும். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஒருக்காலும் ஆகாது.

மேல் படுக்கை: இளைஞர்களுக்கு இதுவே ராஜபோகம். எந்த நேரமும் ஏறிப் படுக்கலாம், எழுப்புவார் இல்லை. கைப்பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டால் திருட்டுப் பயமும் குறைவு. ஆனால் ஏ.ஸி. இல்லாத வண்டியில் மே மாதத்து மத்தியானம் கூரைக்கு அடியில் படுப்பது, தோசைக்கல்லின் கீழே படுப்பது மாதிரிதான். ஏ.ஸி. வண்டியிலோ நேர்மாறு. குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கும். கம்பளியை இழுத்து மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கை: பகலில் இதற்கு இணை இல்லை. இரண்டே பேர் எதிரெதிராக உட்கார்ந்து, ஜன்னல் வழியே கோதாவரி தேசத்து வயல்களையும் விந்திய மலைக் காடுகளையும் பார்த்துக்கொண்டே போகலாம். ஆனால் இரவில் இரண்டு இருக்கைகளின் முதுகை மடக்கிப் போட்டு அதன்மேல் படுக்க வேண்டும். நடுவில் இருக்கும் இடைவெளி முதுகில் உறுத்தும். ஒரு ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டால் தொல்லை தீர்ந்தது. நடைபாதை ஓரம் என்பதால், போகிறவர் வருகிறவர் உரசிக்கொண்டு போவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பக்கவாட்டு மேல் படுக்கை: நீளம் குறைவு. உயரமானவர்கள் காலை மடக்கிக்கொண்டுதான் படுக்க வேண்டும். ஜன்னலும் கிடையாது. ஆனால் குள்ளமாக, ஒல்லியாக, ஒருவர் தயவும் வேண்டாம் என்று தனியே புத்தகம் படித்துக்கொண்டு போகிறவருக்கு இது நல்ல இடம்.

எந்த வகுப்பு?

பணம் இருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி எழாது. முதல் வகுப்பு ஏ.ஸி.யில் கதவு சாத்திக்கொள்ளும் அறை உண்டு. இரண்டு பேர் அறை, நாலு பேர் அறை என்று இரு தினுசு. எந்த அறை என்பது பிரயாணிகளின் அட்டவணை தயாரான பிறகுதான் தெரியும். கட்டணமோ ஸ்லீப்பரைப்போல் ஆறு மடங்குக்கு மேல்.

இரண்டடுக்கு ஏ.ஸி.யில் நடுப் படுக்கை என்ற தொந்தரவே கிடையாது. பகலிலும் நிமிர்ந்து உட்காரலாம். கட்டணம் ஸ்லீப்பருக்கு ஏறத்தாழ நாலு மடங்கு. மூன்றடுக்கு ஏ.ஸி. சுமார் இரண்டரை மடங்கு. 2021 முதல் மூன்றடுக்கிலேயே 'எகானமி' என்று ஒரு வகுப்பையும் விட்டிருக்கிறார்கள். படுக்கைகள் சற்று அதிகம், நெருக்கமும் அதிகம், கட்டணம் கொஞ்சம் குறைவு.

சாதாரணக் குடும்பத்துக்குச் சொல்லக்கூடிய யோசனை இதுதான்: காலத்தைப் பாருங்கள். அக்டோபர், நவம்பரிலும், பிப்ரவரி, மார்ச்சிலும் ஸ்லீப்பர் வகுப்பே போதும். காற்றோட்டம் உண்டு, காட்சியும் உண்டு. மே, ஜூனில் நாகபுரிப் பக்கத்து வெயிலும், டிசம்பர், ஜனவரியில் போபாலுக்கு அப்பால் ஜன்னல் இடுக்கில் நுழையும் குளிரும் வயோதிகர்களையும் குழந்தைகளையும் வாட்டிவிடும். அந்த மாதங்களில் வேறு செலவைக் குறைத்தாவது அவர்களை ஏ.ஸி.யில் அழைத்துப் போவது நல்லது. ஸ்லீப்பரில் போவதானால் வீட்டுக் கம்பளியை மறக்காதீர்கள். ஏ.ஸி.யில் கொடுப்பதைப்போல் அங்கே படுக்கை விரிப்பும் கம்பளியும் கட்டணத்தோடு சேர்ந்து வருவதில்லை.

நான் செய்த தவறு

இனி, அம்மா விஷயத்தில் நான் எங்கே தவறினேன் என்று சொல்கிறேன். 60 வயது நிறைந்த ஆண்களுக்கும், 45 வயது நிறைந்த பெண்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் என்று ஒவ்வொரு பெட்டியிலும் சில கீழ்ப் படுக்கைகளைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அந்தப் பாத்தியதை இருந்தது. ஆனால் அந்த ஒதுக்கீட்டில் டிக்கெட் எடுப்பவர் தனியாகப் போகவேண்டும். அல்லது ஒரே டிக்கெட்டில் உள்ள இரண்டு பேருமே அந்தத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும். நானோ, வயது வராத என் பெயரையும் அதே டிக்கெட்டில் சேர்த்துவிட்டேன். அம்மாவுக்குரிய இடம் என்னால் போயிற்று!

அம்மாவுக்குத் தனி டிக்கெட், எனக்குத் தனி டிக்கெட் என்று எடுத்திருந்தால் கீழ்ப் படுக்கை கிடைத்திருக்கலாம். அதில் ஒரு சங்கடமும் உண்டு. இரண்டு பேருக்கும் வேறு வேறு பெட்டி கிடைத்துவிடலாம். ஆனால் மேல் படுக்கையோ நடுப் படுக்கையோ உள்ள ஒருவர், கீழ்ப் படுக்கைக்காரரோடு இடம் மாற்றிக்கொள்வது கஷ்டம். கையில் கீழ்ப் படுக்கை இருந்துவிட்டால், பக்கத்தில் வர எத்தனை பேர் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்வார்கள்!

டிக்கெட் பதிவு செய்யும்போது, "ஒரு கீழ்ப் படுக்கையாவது கிடைத்தால்தான் பதிவு செய்க" என்று கேட்கவும் வழி இருக்கிறது. 2024 நவம்பர் 1 முதல் பிரயாணத் தேதிக்கு 60 நாள் முன்னதாகப் பதிவு தொடங்குகிறது. அதற்கு முன் 120 நாளாக இருந்தது. பிரசவம், கலியாணம் என்று முன்பே தெரிந்த காரியங்களுக்கு முதல் நாளே பதிந்துவிடுவது புத்திசாலித்தனம்.

குழந்தைகள் விஷயத்திலும் ஒரு ஜாக்கிரதை. ஐந்து வயது நிறைந்து பன்னிரண்டு வயது ஆகாத குழந்தைக்கு அரைக் கட்டணம் கொடுத்தால் தனிப் படுக்கை கிடையாது. 2016 ஏப்ரல் முதல், படுக்கை வேண்டுமானால் முழுக் கட்டணம். பத்து வயதுப் பையனோடு ஒரே பலகையில் இரண்டு இரவு படுத்துப் பார்த்தவர்கள், மிச்சப்படுத்திய பணத்தை நினைத்துச் சந்தோஷப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை!

'ஆர்.ஏ.ஸி.' என்று டிக்கெட்டில் இருந்தால், ஒரு பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையை இரண்டு பேர் பங்கிட்டுக்கொண்டு உட்கார வேண்டும். யாராவது வராமல் போனால் படுக்கை கிடைக்கும். வராவிட்டால் என்ற நம்பிக்கையில் வயோதிகர்களை இரண்டு இரவுப் பிரயாணத்துக்கு அனுப்பாதீர்கள்.

கேட்டால் கிடைக்கும்

அன்று வண்டி நாகபுரியில் நின்றபோது, பக்கத்துத் தடுப்பில் ஒரு கீழ்ப் படுக்கை காலியாயிற்று. எதிரே இருந்த பெரியவர், "சும்மா இருக்காதே, தம்பி. போய் டிக்கெட் பரிசோதகரிடம் கேள். காலியான கீழ்ப் படுக்கையை வயதானவர்களுக்குக் கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு" என்றார். ஓடினேன். பரிசோதகர் அம்மாவை ஒரு முறை பார்த்தார். மறு பேச்சுப் பேசாமல் எழுதிக் கொடுத்துவிட்டார். வயோதிகர்கள், கர்ப்பிணிகள், அங்கஹீனர்கள் ஆகியோருக்கு இப்படிக் கொடுக்கலாம் என்று விதியே இருக்கிறது. கேட்கத் தெரியாமல்தான் பலர் கஷ்டப்படுகிறார்கள்.

இரண்டாம் இரவு அம்மா கீழே படுத்தாள். இரண்டு தடவை எழுந்து போய் வந்தாள். நான் மேலே குறட்டை விட்டுக்கொண்டிருந்தேனாம். எனக்குத் தெரியவே தெரியாது.

அதற்குப் பிறகு அம்மா மூன்று தடவை டில்லிக்குப் போய் வந்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் தனி டிக்கெட். ஒவ்வொரு தடவையும் கீழ்ப் படுக்கை. வண்டி ஏறினதும் தலைமாட்டில் ஒரு கூஜாத் தண்ணீரை வைத்துக்கொள்கிறாள். டில்லி போய்ச் சேருகிறபோது கூஜா காலியாக இருக்கிறது.